காலுக்கு ஒரு சோலி

எட்டு வருடப் பழக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்து நான் இரண்டே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, வட்டக்கானலைத் தாண்டிய ஒரு புல்மேட்டில். இன்னொன்று, கொடைக்கானல் தபாலாபீசில், என் கவுண்டருக்கு எதிரே கிடந்த மரப்பெஞ்சில். மற்றபடி எந்நேரமும் நின்ற கோலம்தான். நான் பழனிக்காரன். எங்கள் ஆண்டவரே மலைமேல் நின்றுகொண்டுதானே இருக்கிறார், இந்த அம்மாளும் நின்றுவிட்டுப் போகட்டும் என்று ஆரம்பத்தில் கேலி பேசியிருக்கிறேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஊரில் அவரைப் பர்மாக்காரம்மா என்பார்கள். ஒரு பெண்கள் விடுதியில் சமையலறைப் பொறுப்பு பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆம்பிளை ஸ்வெட்டர், காலில் டயர் செருப்பு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு விடுதியில் சமையல் முடிந்ததும் நேரே தபாலாபீசுக்கு வருவார்.

"பர்மாத் தபால் ஏதும் இருக்கா தம்பி?"

"இல்லம்மா."

"சரி."

பிறகு கவுண்டரிலேயே நின்றபடி ஒரு கடிதம் எழுதுவார். இம்பாலில் ஓர் ஆஸ்பத்திரி, கல்கத்தாவில் ஓர் அனாதை இல்லம், சிட்டகாங்கில் ஒரு மாதாகோயில் என்று விலாசம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் திசையிலிருந்து எது வந்தாலும் அவருக்குப் பர்மாத் தபால்தான். அநேகக் கடிதங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. திரும்பி வந்த உறையை நான்தான் நீட்டுவேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்ததை எழுதத் தொடங்குவார். சொந்தக்காரர்கள் யாரோ அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. எல்லாரிடமும் சொல்லக் கதை இருக்கும், இவர் சொல்லாத ரகம்.

"பெஞ்சு சும்மாதானே கெடக்கு, உக்காந்து எழுதுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"உக்காந்தா காலு மறந்துரும் தம்பி" என்றார். சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கம் ஆரம்பமாயிற்று. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் நமைச்சல் எடுத்தது. நானும் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும் சேர்ந்து தொடங்கினோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஏதாவது சோலையோரம் கூடுவோம். சோலை என்றால் மலை மடிப்புகளில் இருட்டாக அடைந்து கிடக்கும் காடு. அதைச் சுற்றி வெறும் புல்மேடு. கூடினால் ஆளுக்கு ஒரு 'கைச்சரக்கு' காட்டியாக வேண்டும், அதுதான் சங்கத்தின் வழக்கம். தனக்குத் தெரிந்த காட்டு வித்தை ஒன்றை மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். கம்பவுண்டர் கட்டுப் போடவும் முடிச்சுப் போடவும் காட்டுவார். காட்டிலாகா வாட்சர் ஒருவர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பளியர் சாதி, மண்ணைப் பார்த்தே காட்டுமாடு எப்போது போனது, குட்டியோடு போனதா என்று சொல்வார். பள்ளிக்கூடத்து ரிடையர்டு வாத்தியார் ஒருவர் செடி கொடிகளின் பெயர் சொல்வார், பாதி தப்பாக.

எனக்கு என்ன தெரியும்? முத்திரை குத்தத் தெரியும். அதனால் விதிகள் எழுதினேன். பழைய தந்திப் பாரங்களின் பின்பக்கத்தில், அரசாங்க மையில், பத்து விதிகள். முதல் விதி இது: 'வழி தவறினால் இருந்த இடத்திலேயே உட்கார். விசில் ஊது. ஆள் வரும்.' எனக்கு அதில் பெரிய பெருமை. எழுத்தில் இருக்கிற விஷயம் பொய்யாகாது என்று நம்புகிற உத்தியோகம் அல்லவா.

பர்மாக்காரம்மாவைச் சங்கத்துக்குக் கூப்பிட்டதும் நான்தான். முதல் நாள் அவர் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் மண்ணெண்ணெயை ஊற்றியும் எங்கள் விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. அந்த அம்மாள் ஒரு பட்ட மரத்தின் கிளையை வெட்டி, அதைப் பிளந்து, நனையாத நடுக்கட்டையை மட்டும் சீவினார். சீவலை மடியில் கட்டி உடம்புச் சூட்டில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரே ஒரு தீக்குச்சி. நெருப்பு நிமிர்ந்து எரிந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்று கம்பவுண்டர் வாயைப் பிளந்தார்.

"நாங்க நடந்து வந்தப்ப" என்றார். அவ்வளவுதான் எப்போதும் பதில். பச்சை மூங்கிலில் சோறு வடிக்கக் காட்டினார், புகையிலையும் உப்பும் முடிந்த துணியால் அட்டையை உதிர்க்கக் காட்டினார், மூங்கிலை ஆட்டிப் பார்த்து எந்தக் கணுவில் தண்ணீர் இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கக் காட்டினார். எல்லாம் 'நாங்க நடந்து வந்தப்ப'. நாங்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம், அவர் இடது உள்ளங்கையில் இலையை ஏந்தி நின்றே சாப்பிடுவார். வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும் மலைப்பாதை முழுக்கக் கம்பியைப் பிடித்து நின்றே வந்ததாக ஒரு கண்டக்டர் என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

என் மனைவி பாக்கியத்துக்கு அவரைக் கண்டால் உயிர். சங்கத்துக்கு வந்த பெண்கள் இவர்கள் இரண்டு பேர்தான். 'அக்கா, அக்கா' என்று பின்னாலேயே போவாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் நின்றே காப்பி குடிக்க ஆரம்பித்தாள். "என்னடி இது?" என்றால், "உக்காந்தா காலு மறந்துரும்ங்க" என்பாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி வந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் முதல் விதிக்கும் அந்த அம்மாளுக்கும் ஆகவே ஆகாது. "காட்டுல போயி உக்காருன்னு சொல்லாதீங்க தம்பி" என்பார். நான் விளக்குவேன்: இந்த மலை பர்மா மாதிரி இல்லை, தெற்கே நிலமே சட்டென்று முடிந்து ஆயிரக்கணக்கான அடிப் பள்ளம், மேகம் இறங்கினால் காலடி தெரியாது, நடந்தால் எலும்பைப் பெரியகுளத்துச் சமவெளியில்தான் பொறுக்க வேண்டும். அவர் கேட்டுக்கொள்வார். முடிவில், "ஆள் வரும்னு எழுதியிருக்கீங்களே, வரலைன்னா?" என்பார்.

"வரும்மா. அதுக்குத்தான சங்கம்."

"வரணும்னு நெனச்சுப் போனவகளும் வரமுடியாமப் போறதுண்டு தம்பி."

சரியான வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

விதிகளைப் பழக்க நான் ஓர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தேன். காணாமல் போகும் ஆட்டம். சீட்டுக் குலுக்கிப் பெயர் வந்தவர், கழுத்தில் விசிலும் இடுப்பில் கயிறுமாக, கால்மணி தூரம் போய் எங்காவது உட்கார வேண்டும். அவ்வப்போது விசில் ஊத வேண்டும். மற்றவர்கள் தடம் பார்த்தும் சத்தம் கேட்டும் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை அந்த அம்மாள் பெயர் வந்தது. போனார். நாங்கள் புறப்படுவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னைத் தேடி எதுக்கு அலையுறீங்க? நானே வந்துட்டேன்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் கெட்டுப்போன எரிச்சலில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது வேறொரு நாள். பள்ளங்கி ஏற்றத்தில் ரிடையர்டு வாத்தியார் மூச்சு முட்டி, சரிவிலேயே சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முன்னே போய்க்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரிங்க, எந்திரிங்க." வாத்தியார், "ஒரு நிமிசம் தாயி" என்றார். அந்த அம்மாள் அறைந்தே விட்டார். அறுபது வயது மனுசனைக் கன்னத்தில் பளாரென்று. வாத்தியார் பயந்துபோய் எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க ஐயா, மன்னிச்சுக்கோங்க" என்று அந்த அம்மாள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. ஏதோ ஒன்று அவரை உள்ளே பிடித்துத் தின்கிறது என்று தெரிந்தது, என்னவென்று கேட்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த கார்த்திகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வட்டக்கானலைத் தாண்டித் தெற்கு விளிம்பை ஒட்டிய புல்மேட்டில் கூடினோம். வெயில் பளிச்சென்று இருந்தது. சீட்டில் பாக்கியம் பெயர் வந்தது. நானே அவள் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டேன்.

"வெரசா வந்து கண்டுபிடிச்சிருங்க, சாயங்காலம் மாவாட்டணும்" என்றாள்.

அந்த அம்மாள் அவள் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்காமல் இல்லை. "உக்காராத பாக்கியம், எதுன்னாலும் நடந்துக்கிட்டே இரு." நான் சத்தமாகச் சொன்னேன்: "விதி ஒண்ணு என்ன? இருந்த இடத்திலேயே உக்காரணும்." பாக்கியம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுச் சோலைக்குள் போனாள்.

நாங்கள் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. மலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். முதலில் தூரத்து மரங்கள் போகும், பிறகு பக்கத்து ஆள், பிறகு நம் கையே போய்விடும். கூடவே குளிர்ந்த தூறல். நாங்கள் நின்று காது கொடுத்தோம். விசில் கேட்கவில்லை. 'பாக்கியம்' என்று கத்தினேன். மேகத்துக்குள் கத்தினால் சத்தம் நாலடி தாண்டாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சோலையைத் துழாவினோம். மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. அவள் ஏன் ஊதவில்லை? ஊத முடியாத நிலையில் இருக்கிறாளா?

என் விசிலை எடுத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன். புஸ்ஸென்றது. கம்பவுண்டர் தன்னுடையதை ஊதினார், அதுவும் அப்படியே. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த விசில்களை நான் பழனித் தைப்பூசக் கடையில் டஜனாக வாங்கியிருந்தேன். உள்ளே உருளுவதற்கு ஒரு காய்ந்த பட்டாணி இருக்கும். தபாலாபீஸ் கவுண்டரில் வைத்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத்தான் விநியோகித்தேன். ஈரத்தில் ஊதிப் பார்க்கவில்லை. மேகத்தின் நீரை உறிஞ்சிப் பட்டாணி ஊறி அடைத்துக்கொண்டது. மேகத்தில் தொலைந்தால் ஊதுவதற்காக, மேகத்தில் ஊதாத விசிலை என் கையாலேயே என் பெண்டாட்டி கழுத்தில் மாட்டியிருக்கிறேன். விதி எழுதத் தெரிந்த முட்டாள் நான்.

இருட்டியதும் கம்பவுண்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இதுக்கு மேல போனா விளிம்புல நாமளும் போயிருவோம் சார். வாட்சரை டவுனுக்கு அனுப்பியாச்சு. லாந்தரோட ஆளுங்க வரட்டும். விடியட்டும்." வாத்தியார் நெருப்பு போட முயன்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் நிற்கவில்லை. நெருப்புக்கும் சோலை ஓரத்துக்கும் இடையே போவதும் வருவதுமாக, "பாக்கியம்... ஏ பாக்கியம்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிப்போய் அந்தக் குரலைக் கேட்கவே சகிக்கவில்லை.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். கொடுமையாகப் பேசினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"நீங்கதான நடக்கச் சொன்னீங்க? இந்த மேகத்துல நடந்தா எங்க போய் விழுவான்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு உயிரைக் கொன்னுட்டீங்கம்மா."

அவர் சோலைப் பக்கம் திரும்பி மறுபடியும், "பாக்கியம்..." என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்க. அவ உக்காந்திருப்பாளா, நடந்திருப்பாளா? உங்க பேச்சக் கேட்டாளா, என் பேச்சக் கேட்டாளா?"

"தெரியலையே தம்பி" என்றார். "அதுதான் எனக்குத் தெரியல. இத்தன வருசமாத் தெரியல."

பேச்சு ஏன் இப்படி எங்கோ போகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை. உட்கார்ந்திருந்தால் நனைந்த துணியோடு குளிரில் விறைத்துப் போவாள். நடந்திருந்தால் பள்ளம். எந்தப் பக்கம் நினைத்தாலும் பாக்கியம் செத்துப்போனாள். பத்து வருடம் கூடக் குடித்தனம் நடத்தியும், ஆபத்து என்று வந்தால் என் மனைவி யார் சொல்லைக் கேட்பாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன். லாந்தர்கள் வந்தன. அவற்றின் வெளிச்சத்தில் மேகம்தான் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

விடிந்து கொஞ்சம் வெளுத்ததும் வாட்சர்தான் முதலில் பார்த்தார். "அய்யா, இங்கிட்டு வாங்க, வெரசா வாங்க!"

சோலையின் தென்கோடியில், காட்டை விட்டுத் தள்ளி, ஒற்றைக் காட்டுமரம் ஒன்று நின்றது. அதைச் சுற்றிப் புல்லெல்லாம் மிதிபட்டுச் சேறாகி, வட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்தில் பாக்கியம் நடந்துகொண்டிருந்தாள். சங்கத்துக் கயிற்றின் ஒரு நுனி தளர்வான வளையமாக மரத்தைச் சுற்றி இருந்தது. இன்னொரு நுனி அவள் இடுப்பில். இரண்டும் கம்பவுண்டர் கற்றுக் கொடுத்த, இறுகாத முடிச்சு. உதடு நீலம் பாரித்திருந்தது, கண் எங்களைப் பார்த்தும் கால் நிற்கவில்லை. கம்பவுண்டர் ஓடிப்போய்க் கயிற்றை அறுத்தார். அறுத்த பிறகும் நாலைந்து எட்டு வைத்துவிட்டுத்தான் என்மேல் சாய்ந்தாள். அந்த மரத்திலிருந்து இருபதடியில் புல் முடிந்து, அதற்கப்புறம் வெறும் வெள்ளைப் பள்ளம்.

"நீங்க இருன்னீங்க" என்றாள் பல் கிட்டிக்கொண்டே. "அக்கா நடன்னாங்க. ரெண்டு பேர் பேச்சையும் தட்ட முடியலங்க."

கம்பவுண்டர் அவள் கையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உக்காந்திருந்தாங்கன்னா காலையில வெறச்சுப்போய்த்தான் சார் எடுத்திருப்போம்." அந்தப் பக்கம் பள்ளத்தை நான் பார்த்தேன். ஆண்டவனே, பழனியாண்டவனே என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதேன். சந்தோஷத்தில் ஒரு மனிதன் எப்படி அழுவானோ அப்படி.

கொஞ்சம் தெளிந்து திரும்பியபோது அந்த அம்மாள் அந்தத் தடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பாக்கியத்தைக்கூடப் பார்க்கவில்லை. சேற்று வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதில் இறங்கி மெதுவாக ஒரு சுற்று நடந்தார். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் மரத்தில் கைவைத்து, அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

நான் கிட்டே போய், இரவு பேசியதற்கு மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி தம்பி" என்றார். "பன்னெண்டு வயசு. நடந்து வந்தப்ப ஆத்தா, அப்பன் எல்லாம் போயிட்டாக. நாங்க ரெண்டு பேருந்தான். காய்ச்சல்ல அவளால முடியல. இந்த மரத்தடியில உக்காந்திரு, அக்கா தண்ணி கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனேன். ஓடை தூரமாக் கெடந்துச்சு. திரும்பி வந்தா மரம் இருக்கு, அவ இல்ல."

அவர் சேற்றைக் கையால் தடவிக்கொண்டே பேசினார்.

"செத்திருந்தா கெடக்கணுமில்ல? கெடக்கல. கூட்டத்துல யாரும் தூக்கிட்டுப் போனாகளா, பயத்துல அவளே எந்திரிச்சு நடந்துட்டாளா, தெரியல. அவளைத்தான் தேடி எழுதிக்கிட்டிருக்கேன். உக்காந்திருன்னு சொன்னதுதான் தப்புன்னு நெனச்சேன். கையப் புடிச்சு இழுத்து நடத்தியிருக்கணும்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் ரெண்டே வழின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. இப்படி ஒண்ணு இருந்திருக்கே. இந்த மரத்தப் புடிச்சுக்கிட்டுச் சுத்தி வந்துக்கிட்டே இருடி, அக்கா வந்துர்றேன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டா. எங்கிட்டும் போயிருக்க மாட்டா. காலுக்கு ஒரு சோலி குடுத்துட்டுப் போயிருக்கணும்யா. எனக்குத் தோணலையே."

பாக்கியம் ஊர்ந்து வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் தலையைத் தடவினார். ஆனால் அழவில்லை. எழுந்திருக்கச் சொன்னோம், முடியவில்லை. கால் நிஜமாகவே மறந்துவிட்டது. கம்பளியில் கிடத்தி இரண்டு பெண்களையும் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குள் வந்தோம்.

பாக்கியம் பத்து நாளில் தேறினாள். விசில்களையெல்லாம் நான் ஏரியில் எறிந்தேன். முதல் விதியை அடித்துத் திருத்தி எழுதினேன்: 'வழி தவறினால் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதையே சுற்றி வா.' திருத்தியதைக் காட்ட விடுதிக்குப் போனேன். படித்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்றார். சங்கத்துக்கு அவர் பிறகு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தபாலாபீசுக்கு வந்தார். நான் தலையை நிமிர்த்தி, கேட்பதற்கு முன்னாலேயே வழக்கம்போல, "பர்மாத் தபால் ஒண்ணும் வரலம்மா" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார். கவுண்டருக்கு வரவில்லை. கடிதம் எழுதவில்லை. நேரே போய் அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்தது. மணியார்டர் வாங்க வந்தவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். ஒரு மணிக்கு நான் கவுண்டரை மூடினேன். அவர் அப்படியே இருந்தார். அந்த அம்மாளை அப்படிப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் எல்லோருக்கும் 'உட்கார், உட்கார்' என்று எழுதிக் கொடுத்தவன், எழுந்து வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"எந்திரிங்கம்மா" என்றேன். "வாங்க, நடக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க தம்பி?" என்று கேட்டார்.